தார் போடாதே என்று சொல்ல நீங்கள் யார்?

கல்வராயன் மலையைத் தேசியப் பூங்காவாக அறிவிக்க வேண்டுமாம். அதற்குள் ஓடும் மண்பாதைகளில் இனிமேல் ஒரு சட்டி தார்கூட விழக் கூடாதாம். அந்தப் பாதைகளை ஒன்றோடொன்று கோத்து கிராவல் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒரு வளையம் அமைத்துவிட்டால், கள்ளக்குறிச்சி மாவட்டம் உலக வரைபடத்தில் ஏறிவிடுமாம். சென்ற இதழில் வந்த கட்டுரையில் இருந்த சரக்கு இவ்வளவுதான். மீதிப் பக்கங்களை மூடுபனி அடைத்துக்கொண்டது.

எழுதியவரைப் பெயர் சொல்லித் திட்ட எனக்கு விருப்பமில்லை. ஆள் நல்லவர் என்றே கேள்வி. ஆனால் இதே பேச்சை நாங்கள் வாராவாரம் கேட்கிறோம். சனிக்கிழமை விடியலில் திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து எங்கள் மூங்கில்துறைப்பட்டு கடைத்தெருவில் டீ குடிக்க நிற்கும் குழுக்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் போவதில்லை: மேலே ரோடு போட்டுக் கெடுத்துவிடப் போகிறார்கள், அதற்குள் பார்த்துவிட வேண்டும் சார். இவர் அதை நான்கு பக்கத்துக்கு இழுத்து எழுதிவிட்டார். அதனால் பதிலும் எழுத்தில் வரவேண்டியதாகிறது. நானும் சைக்கிள்காரன்தான். நாற்பது மில்லிமீட்டர் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுச் சரளையில் இறங்கும்போது கைப்பிடி வழியாக ஏறிவரும் அதிர்வின் சுகம் எனக்கும் தெரியும். அந்தச் சுகத்தோடு எனக்குத் தகராறு இல்லை. அதற்கான பில்லை யார் பெயரில் போடுகிறார் என்பதில்தான் தகராறு.

முதலில் அவருடைய வழித்தடம். தென்பெண்ணைப் பாலத்தருகே தொடக்கம். சர்க்கரை ஆலையைத் தாண்டி மூலக்காடு, அங்கிருந்து ஏறிச் சேராப்பட்டு, பிறகு இன்னாடு, வெள்ளிமலை, கரியாலூர், கடைசியாக கோமுகி அணைக்கு இறக்கம். ஆலையில் அரவை நடக்கும் நாட்களில் அந்தப் பக்கம் வீசுவதை வெல்ல வாசனை என்று எழுதியிருக்கிறார். மொலாசஸ் தொட்டிக்குக் காற்றுத் திசையில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தவர் அப்படி எழுத மாட்டார். போகட்டும், மூக்கு அவருடையது. விஷயம் என்னவென்றால், இந்தப் பெரிய மலைச்சாலைகளில் தார் ஏற்கெனவே இருக்கிறது, பஸ்ஸும் போகிறது. அதனாலேயே அவை அவருக்கு உப்புச்சப்பில்லாமல் போய்விட்டன. அவர் கண் வைத்திருப்பது அவற்றிலிருந்து பிரிந்து குக்கிராமங்களுக்குப் போகும் கிளைப்பாதைகள் மேல். மனிதக் கால் படாத பாதைகள் என்று அவற்றை வர்ணிக்கிறார். மனிதக் கால் படாமல் ஒரு பாதை எப்படி உண்டாகும் என்று கட்டுரையைத் திருத்தியவராவது கேட்டிருக்கலாம்.

கல்வராயன் மலை ஒன்றியத்தில் மட்டும் 15 ஊராட்சிகள், நூற்றுக்கு மேற்பட்ட குக்கிராமங்கள். சேலம் மாவட்டத்துப் பக்கம் கருமந்துறையைச் சுற்றி இன்னும் பல. இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். அவர் வரைபடத்தில் புள்ளிக்கோடு போட்டுக் காட்டும் ஒவ்வொரு பாதையின் முனையிலும் ஒரு ஊர் இருக்கிறது. ஊர் இருப்பதால்தான் பாதை இருக்கிறது.

அப்படி ஒரு பாதையை அருகில் போய்ப் பார்ப்போம். சேராப்பட்டுக்கு அப்பால் என்று மட்டும் சொல்கிறேன். பெயரைச் சொன்னால் அடுத்த சனிக்கிழமையே அங்கே பத்து சைக்கிள் நிற்கும். தார் முடியும் இடத்தில் சாலை ஒரு சாண் கீழே இறங்குகிறது. அந்த விளிம்பு பொரை பிஸ்கட் மாதிரி துண்டு துண்டாக உடைந்து கிடக்கும். எப்போதோ கப்பி கொட்டி ரோலர் ஓட்டியிருக்கிறார்கள். மழையில் மண் அடித்துக்கொண்டு போய்விட, கல் மட்டும் பல்லைக் காட்டுகிறது. இரண்டாவது வளைவில் ஓடை குறுக்கிடுகிறது, தரைப்பாலம் கிடையாது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் காலத்தில் டிராக்டர் லோடு இறங்கி இறங்கி, சக்கரத் தடம் முழங்கால் ஆழத்துக்குப் பதிந்துவிடும். காய்ந்த பிறகு அதன் விளிம்பு கல்லாக இறுகிப்போகும். அந்தத் தடத்தில் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளாமல் சைக்கிளை இறக்குவதற்குத் தனித் திறமை வேண்டும். கட்டுரையாளர் ஒரு பத்தி முழுக்க அந்தத் திறமையை மெச்சியிருக்கிறார். அதே தடத்தில் ரேஷன் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க என்ன திறமை வேண்டும் என்று எழுத அவருக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

108 வண்டி அந்தத் தார் விளிம்பில் நின்றுவிடும். அதுவரை ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது ஊர்க்காரர்கள் பாடு. பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே உட்காரவைத்து வருவார்கள். உட்கார முடியாத ஆள் என்றால் மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டித் தூக்கி வருவார்கள். இது கல்வராயனுக்கு மட்டும் உள்ள கதையும் கிடையாது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போயிற்று. திரும்பும்போது ரோடு சரியில்லை என்று ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போக, பெற்ற தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலை ஏறினாள். பத்திரிகைகளில் படத்தோடு வந்த செய்தி. அந்தப் பாதையும் தார் போடாத பாதைதான். அங்கேயும் காலையில் மூடுபனி அழகாகத்தான் இருந்திருக்கும்.

நாமக்கல் மாவட்டத்துப் போதமலையில் தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டு மெஷினைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். தருமபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்குக் கழுதை முதுகில் போயிற்று. போதமலைக்கு ஒருவழியாக 139 கோடி ரூபாயில் ரோடு அனுமதியானபோது அந்த மலைக்காரர்கள் யாரும் எங்கள் சாகசம் போயிற்றே என்று அழுததாகத் தெரியவில்லை.

இந்தப் பாதைகள் ஏன் இப்படியே கிடக்கின்றன? கட்டுரையாளரின் பதில்: இயற்கையைப் போற்றும் மலைவாசிகள் தார் கேட்கவில்லை. இந்த ஒரு வரிக்காகவே நான் பேனா எடுத்தேன். கேட்காமலா? மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தவர்கள் அவர்கள். பாதை காப்புக்காட்டு நிலத்தில் போகிறது. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும் என்று ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குக் கோப்பு போகும். மக்கள்தொகைக் கணக்கு இன்னொரு முட்டுக்கட்டை. 2000-இல் வந்த பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளிக் குடியிருப்புக்கு 500 பேர் இருக்க வேண்டும். மலை மாநிலங்களுக்கும் ஐந்தாவது அட்டவணையில் உள்ள பழங்குடிப் பகுதிகளுக்கும் 250 பேர் போதும். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஒரு அங்குலம்கூடக் கிடையாது. 2023-இல் வந்த பிஎம் ஜன்மன் திட்டத்தில் வரம்பை 100 பேராகக் குறைத்தார்கள். ஆனால் அது தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற மிகவும் நலிந்த பழங்குடிகள் பட்டியலில் உள்ளவர்களுக்கு. மலையாளிகள் அந்தப் பட்டியலில் இல்லை. இப்படி ஒவ்வொரு வலையிலும் ஓட்டை வழியாகக் கீழே விழுந்தவர்களின் பாதையைப் பார்த்து, ஆகா என்ன இயற்கைப் பற்று என்கிறார் நம் ஆள்.

வழி இல்லாமலும் இல்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, சாலை, பள்ளிக்கூடம், அங்கன்வாடி, குடிநீர்க் குழாய் உள்ளிட்ட வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபை பரிந்துரைத்தால் காட்டு நிலத்தைத் தரலாம் என்கிறது. காட்டையும் பார்த்துக்கொண்டு ஊருக்கும் ரோடு போட எழுதிய பிரிவு அது. கட்டுரையில் காடு என்ற சொல் வரிக்கு வரி வருகிறது. கிராம சபை ஒரே ஒரு இடத்தில்கூட வரவில்லை.

இனி தேசியப் பூங்கா. இந்த யோசனையைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. தேசியப் பூங்கா என்றால் நுழைவாயிலில் புலிப் படம் போட்ட வளைவு கட்டுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆவது பிரிவை அவர் ஒரு முறை படித்துப் பார்க்கட்டும். இறுதி அறிவிக்கை வருமுன் அந்த எல்லைக்குள் இருக்கும் நிலத்தின் மீது யார் யாருக்கு என்ன உரிமை உண்டோ அத்தனையும் அரசாங்கத்தின் கைக்குப் போயிருக்க வேண்டும். சரணாலயம் என்றால் சில உரிமைகளைத் தொடரவிட கலெக்டருக்கு இடம் உண்டு. தேசியப் பூங்காவில் அந்தத் தயவும் கிடையாது. ஆடு மாடு உள்ளே கால் வைக்கக் கூடாது. அப்படியானால் சாமையும் தினையும் மரவள்ளியும் போட்டிருக்கும் கொல்லை என்ன ஆகும்? கடுக்காய் பொறுக்குவது, புளி உலுக்குவது, தேன் எடுப்பது என்ன ஆகும்? முதுமலைக்குள் இருந்த ஊர்களிலிருந்து குடும்பங்களை வெளியேற்றி மறுகுடியமர்த்திய கதை தெரிந்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். பூங்கா என்றதும் பெஞ்சும் பூச்செடியும் கண்ணில் தோன்றுபவர்களுக்குத் தெரியாது.

அவருடைய சைக்கிளுக்காவது அங்கே இடம் உண்டா? தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் ஐந்து. மன்னார் வளைகுடா கடல், அதை விட்டுவிடுவோம். கிண்டி, முதுமலை, முக்குர்த்தி, ஆனைமலையின் இந்திரா காந்தி பூங்கா ஆகிய நான்கில் எதற்குள் போய் இஷ்டப்பட்ட காட்டுப்பாதையில் சைக்கிள் மிதித்துவிட்டு வந்தார் என்று சொல்லட்டும். 2008 முதல் நடக்கும் நீலகிரி சைக்கிள் சுற்றுப்பயணத்தில் முதுமலை வழியாகப் போகிறார்களே என்பார். போகிறார்கள், தார் போட்ட நெடுஞ்சாலையில் போகிறார்கள். சாலையை விட்டு இறங்கினால் வனத்துறை கையைப் பிடிக்கும். ஆக, இவர் கேட்ட வரம் கிடைத்தால் செக்போஸ்ட்டில் முதலில் நிறுத்தப்படுகிறவர் இவரே. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. மலைக்காரர்கள் தலையிலும் சேர்த்துப் போடுவதுதான் இடிக்கிறது.

இந்த மலைக்கு எஜமானர்கள் புதிதல்ல. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களாக இருந்த இடம் இது. நாடு சுதந்திரம் அடைந்து மூன்று பத்தாண்டுகள் நெருங்கிய பிறகு, 1976 ஜூன் 25-இல்தான் ஜாகீர் ஆட்சி முடிந்து மலை அரசாங்கத்திடம் வந்தது. அதற்குப் பிறகும் பட்டாவுக்கு அலைச்சல், ரோட்டுக்கு அலைச்சல், வாத்தியாருக்கு அலைச்சல். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து இந்த மக்களின் நிலை என்ன என்று அரசாங்கத்தைக் கேட்க வேண்டியிருந்தது. நீதிபதிகள் ரோடு எங்கே என்று கேட்கிறார்கள், இவர் ரோடு வேண்டாம் என்கிறார். ஹெல்மெட் போட்ட ஜாகீர்தார்.

வெளிநாட்டு உதாரணங்கள் மூன்று கொடுத்திருக்கிறார். மூன்றும் அவரையே குத்துகின்றன.

ஒன்று, அலாஸ்காவின் தெனாலி தேசியப் பூங்கா. அங்கே 148 கிலோமீட்டர் சாலையில் முதல் 24 கிலோமீட்டர் மட்டும் தார், மீதியெல்லாம் கிராவல், சைக்கிளுக்கு அனுமதி உண்டு. உண்மைதான். அந்தச் சாலையின் முனையில் இருப்பது பழைய சுரங்கக் குடியிருப்பும் சில விடுதிகளும். வழியில் ரேஷன் கடை இல்லை, துணை சுகாதார நிலையம் இல்லை, பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குக் கிளம்பும் பிள்ளை இல்லை. அதே அமெரிக்காவில் 1964-இல் வந்த வனாந்தரச் சட்டத்தின் கீழ் ஒதுக்கிய காடுகளில் சைக்கிளே கூடாது என்பதைக் கட்டுரையில் காணோம்.

இரண்டு, இத்தாலியின் டஸ்கனி. வெள்ளைச் சரளைச் சாலைகளைத் தாரிடமிருந்து காப்பாற்றத்தான் 1997-இல் கயோலே இன் கியாந்தி என்ற ஊரில் லெரோய்க்கா என்ற பழைய சைக்கிள் சவாரியைத் தொடங்கினார்கள். அழகான காரியம். ஆனால் அது அந்த ஊர்க்காரர்களே எடுத்த முடிவு. திராட்சைத் தோட்டக்காரர் வீட்டு வாசல்வரை கார் வரும், ஆம்புலன்ஸ் வரும். எல்லா வசதியும் கைக்குள் இருக்கும்போது, இந்தச் சாலை மட்டும் பழையபடி இருக்கட்டும் என்று சொல்வதற்கு ஒரு மரியாதை உண்டு. எதுவுமே கிடைக்காதவன் சார்பாக, அவனைக் கேட்காமல், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து இன்னொருவர் அதைச் சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

மூன்று, கான்சாஸ். எம்போரியா ஊரில் 2006 முதல் நடக்கும் 200 மைல் கிராவல் பந்தயம். அவை மாவட்ட நிர்வாகம் மண் வெட்டி நிரவிப் பராமரிக்கும் பண்ணைச் சாலைகள். எந்தப் பூங்காவுக்குள்ளும் இல்லை. அந்தப் பந்தயத்தின் பழைய பெயர் அந்த மண்ணின் பழங்குடிகளான கான்சா மக்களை இழிவுபடுத்துவதாகக் கேள்வி எழுந்து, 2020-இல் பெயரையே மாற்றினார்கள். அங்கே ஒரு பெயருக்காகவாவது பழங்குடிகளை நினைத்துப் பார்த்தார்கள். நம் ஆள் நான்கு பக்கத்தில் மலையாளி என்ற சொல்லை ஒரு தடவை எழுதியிருக்கிறார், அதுவும் அவர்கள் கொடுத்த கேழ்வரகுக் களி பிரமாதம் என்பதற்காக.

தார் போடாவிட்டால் பராமரிப்புச் செலவு மிச்சம் என்றும் கணக்குக் காட்டுகிறார். மலைச்சரிவில் சரளைச் சாலை என்பது வருஷா வருஷம் தின்னும். நீர் நடுவில் ஓடாமல் இருக்க முதுகு தூக்கி வைக்க வேண்டும், பக்கத்தில் வாய்க்கால் வெட்டி அதைத் தூர்ந்துபோகாமல் பார்க்க வேண்டும், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அடித்துப்போன மண்ணைத் திரும்பக் கொட்டி நிரவ வேண்டும். ஏற்றம் கூடக்கூட மண் நிற்காது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை எங்கள் ஊர்க் கரையை நக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்களிடம் வந்து, கொட்டிய மண் மலை மேல் அப்படியே நிற்கும் என்று சொல்ல வேண்டாம்.

சீசன் பற்றிய அவர் ஆலோசனை இன்னும் ஆபத்தானது. மழை விட்டு தரை நன்றாகக் காய்ந்திருக்கும் மாசி, பங்குனிதான் தோதாம். காடு பற்றி எரியும் மாதங்கள் அவை. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்துகொண்டதில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறை எழுதியது. காய்ந்த புல்லுக்கு நடுவே முப்பது பேரை வரிசையாக அனுப்பச் சொல்கிறவர் அந்த ஊர்ப் பெயரைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டாரா?

வருமானம் வரும் என்கிறார். எப்படி? முப்பது பேர் கொண்ட குழு என்றே வைத்துக்கொள்வோம். பின்னால் ஒரு வேன் வரும். வாழைப்பழம், தண்ணீர் கேன், பஞ்சர் சாமான், முதலுதவிப் பெட்டி எல்லாம் அதில் இருக்கும். மலையில் வாங்குவது டீ. சிலர் பலாப்பழத்தோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். தங்கும் விடுதி கட்டலாமே என்றால், பட்டாவே கைக்கு வராதவர் எந்தக் காகிதத்தைக் காட்டி லைசென்ஸ் வாங்குவார்? கடைசியில் கீழேயிருந்து பணம் உள்ளவர்கள் வந்து விடுதி கட்டுவார்கள், மலைக்காரர் அங்கே தோட்ட வேலைக்குப் போவார். ஏலகிரிக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

சைக்கிள் சுற்றுலா வந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்று ஒரு பத்தி. 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டோர் செத்த கருணாபுரம் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள் இருக்கிறது. அவர்களைக் கொன்றது மெத்தனால். மெத்தனாலை மலையில் ஊறல் போட்டு எடுக்க முடியாது, அது தொழிற்சாலைச் சரக்கு. ஆனாலும் பழி மலைமேல் விழுந்தது. மலையில் சாராயம் காய்ச்சுகிறவர்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. போலீஸ் ஜீப் ஏற முடியாத பாதைதான் ஊறல் போடுகிறவனுக்கு வசதி, அந்தப் பாதையை அப்படியே வைத்திருக்கச் சொல்வது நம் கட்டுரையாளர்தான். கூலி கிடைக்காத மலைக்காரன் எங்கெங்கே போகிறான் என்பதற்கு, செம்மரம் வெட்ட ஆள் போகும் சேஷாசலம் காடு சாட்சி. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரப் போலீஸ் சுட்டதில் செத்த 20 பேரில் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக்காரர்கள் பலர். மரவள்ளிக்கு நியாய விலை, கிழங்கு லாரி வாசலுக்கு வர ஒரு ரோடு, ஊரிலேயே பள்ளிக்கூடம் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, அவனை சைக்கிள் வழிகாட்டி ஆக்கிக் காப்பாற்றப் போகிறார்களாம்.

அவர் சொன்னதில் ஒன்றே ஒன்று சரி. தார் போட்டதும் கார் கூட்டம் வரும், பாட்டில் வரும், நெகிழி வரும். மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் விடுமுறை நாளில் போனவர்களுக்கு இது கண்கூடு. ஆனால் நோய் அதுவென்றால் மருந்து வேறு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் இ-பாஸ் இருக்கிறது. அங்கே கூட்டத்தைக் கட்டுப்படுத்த யாரும் ரோட்டைப் பெயர்த்துப் போடவில்லை. அடிவாரத்தில் ஒரு செக்போஸ்ட், சனி ஞாயிறில் வெளி வண்டிக்கு எண்ணிக்கை, பாட்டிலுக்குத் தடை. இதைக் கேட்டு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

சைக்கிள் புகைவிடாது, சத்தம் போடாது, பிரிவினை பார்க்காது என்பதையெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஏற்றியது. 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவசச் சைக்கிள் பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆயிற்று. அந்தச் சைக்கிளில் மலைப்பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அதை அந்தக் கப்பிப் பாதையில் ஓட்டிப் பாருங்கள். கியர் கிடையாது, பிரேக் ரப்பர் இரண்டு இறக்கத்தில் தேய்ந்துவிடும், ரிம் கோணிக்கொள்ளும். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள சைக்கிளுக்குச் சுகமான தரை, அரசாங்கம் கொடுத்த சைக்கிளை வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்துவிடும் தரை.

அந்தத் தார் விளிம்பில் ஒரு முறை செயின் மாட்டிக்கொண்டிருந்தேன். எதிரே கல்லில் உட்கார்ந்திருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏந்தம்பி, கீழ நல்ல ரோடு இருக்குதே, இதுல எதுக்கு வர்ற?” இந்த மாதிரி ரோட்டில் ஓட்டத்தான் பிடிக்கும் என்றேன். அவர் கிண்டல் ஏதும் செய்யவில்லை. “அப்ப நீ இங்க இருந்துக்க, நாங்க கீழ போயிடறோம்” என்றார். கட்டுரையாளர் நான்கு பக்கத்தில் கேட்டிருப்பதன் சரியான சுருக்கம் அது.

கிராவல் ஓட்ட இடமா இல்லை? சாத்தனூர் அணையின் கால்வாய்க் கரைகள் இருக்கின்றன. எங்கள் பக்கம் கரும்பு வெட்டி டிராக்டர் இறங்கும் வண்டித்தடங்கள் இருக்கின்றன. சங்கராபுரம் வரை ஏரிக்கரை ஏரிக்கரையாகப் போகலாம். யாரும் தார் கேட்டுக் காத்திருக்காத பாதைகள் அவை, நீர்வளத்துறையிடமும் ஊர்க்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். ஏற்றம்தான் வேண்டும் என்றால் மலைச்சாலையில் ஏறுங்கள், கிளைப்பாதையிலும் போய் வாருங்கள், உங்களை யாரும் தடுக்கப் போவதில்லை. அந்தப் பாதை நாளைக்குத் தார் ஆனால் டயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்படியும் உங்கள் திட்டம் நல்லதுதான் என்று தோன்றினால், அதை எங்களைப் போன்ற சமவெளிக்காரர்கள் படிக்கும் இதழில் எழுதிப் பயனில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. இன்னாட்டிலோ சேராப்பட்டிலோ உட்கார்ந்து, எங்கள் டயருக்காக உங்கள் ரோட்டை இப்படியே விட்டுவைக்கச் சம்மதமா என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். மைக் தருவார்கள், பொறுமையாகக் கேட்கவும் செய்வார்கள். முதல் நாள் சாயங்காலமே மேலே போய்விடுங்கள். காலை பஸ்ஸை நம்பி இருந்துவிடாதீர்கள்.